பிறவிக் கடுங்குறையும் சிகிச்சை முடிவும்

முதுகெலும்புப் பிளவு நோயின் வரலாறு

கருவில் குழந்தை உருப்பெறத் தொடங்கிய மூன்றாம், நான்காம் வாரங்களில் அதன் முதுகுப் புறத்தில் நீண்ட தகடு ஒன்று தோன்றுகிறது. அத்தகட்டின் இரு ஓரங்களும் மெல்ல மேலெழுந்து, ஒன்றையொன்று நாடிச் சேர்ந்து, ஒரு குழலாக மூடிக்கொள்கின்றன. இந்த நரம்புக் குழலின் தலைப்பகுதி மூளையாகவும் எஞ்சிய பகுதி தண்டுவடமாகவும் வளர்கின்றன. கருத்தரித்த இருபத்தெட்டாம் நாளுக்குள் இவ்வேலை முடிந்தாக வேண்டும். அந்நாளில், தான் கருவுற்றிருப்பதைப் பெரும்பாலான பெண்கள் அறிந்திருப்பதும் இல்லை.

குழலின் மேல்முனை மூடாமற் போனால் குழந்தை மூளையின் பெரும்பகுதி இன்றிப் பிறக்கிறது. அத்தகைய குழந்தை சில மணி நேரமோ சில நாட்களோதான் உயிர்வாழும். எந்த மருத்துவமும் அதை மாற்ற இயலாது. முதுகுப் பகுதியில் மூடாமற் போவதே முதுகெலும்புப் பிளவு எனப்படுவது. மருத்துவர்கள் இதனை ஸ்பைனா பைஃபிடா என்பர். இதன் கடுமையான வகையில், குழந்தையின் இடுப்புக்கு மேலோ கீழோ மெல்லிய சவ்வால் மூடப்பட்ட ஒரு கட்டி, எலுமிச்சம்பழ அளவிலோ அதனினும் பெரிதாகவோ காணப்படும். அதனுள் தண்டுவடத்தின் நரம்புகளே வெளிப்பட்டுக் கிடக்கும். கால்கள் துவண்டிருக்கும். சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றி வெளியேறும். இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மூளை நீர் வடிய வழியின்றித் தேங்கித் தலை பெருக்கும். இந்தியாவில் நடைபெற்ற பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நரம்புக் குழல் குறைகள் யாவும் சேர்ந்து ஆயிரம் பிறப்புகளுக்கு நான்குக்கு மேல் என மதிப்பிட்டுள்ளனர். இது சிறிய எண் அன்று.

இத்தகைய குழந்தைக்கு என்ன செய்வது, எதுவரை செய்வது, அதை முடிவு செய்பவர் யார் என்னும் கேள்விகள் உலகின் பல நாடுகளில் மருத்துவர்களையும் பெற்றோரையும் நீதிபதிகளையும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அலைக்கழித்து வந்திருக்கின்றன. கடுங்குறையுடன் பிறக்கும் மற்றக் குழந்தைகளைப் பற்றிய வாதங்களிற் பலவும் இந்த ஒரு நோயை ஒட்டியே எழுந்தவை.

வால்வு வந்த பின்னர்

1950களின் நடுப்பகுதிவரை இக்கேள்வி எழவே இல்லை எனலாம். முதுகுப் புண்ணின் வழியே கிருமி புகுந்து மூளைச் சவ்வில் அழற்சி உண்டாகும். அதற்குத் தப்பினாலும் தலையில் நீர் பெருகும். இரண்டில் ஒன்று பெரும்பாலான குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது, செய்வதா வேண்டாவா என்று ஆராய்வதற்கும் இடமில்லை.

இந்நிலையை மாற்றியவர் மருத்துவர் அல்லர். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொழில்நுட்ப ஊழியராக இருந்த ஜான் ஹோல்டர் என்பவருக்கு 1955இல் இந்நோயுடன் ஒரு மகன் பிறந்தான். தலையில் தேங்கும் நீரை நாள்தோறும் ஊசியால் எடுப்பதைக் கண்ட அந்தத் தந்தை, நீர் ஒரு திசையில் மட்டும் செல்லும்படி சிலிக்கோன் ரப்பரால் ஒரு சிறு வால்வைச் செய்தார். அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸ் 1956இல் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார். மூளையின் அறையிலிருந்து ஒரு நுண்குழாய் தோலுக்கு அடியிற் சென்று, தேங்கிய நீரை முதலில் இதயத்திற்கும், பிற்காலத்தில் வயிற்றறைக்கும் கொண்டு சேர்த்தது. ஹோல்டரின் மகன் சில ஆண்டுகளே வாழ்ந்தான். வால்வோ உலகெங்கும் பரவியது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் குழந்தைகள் மருத்துவமனை இப்புதிய சிகிச்சைக்குப் பெயர்பெற்ற நிலையமாக விளங்கிற்று. 1959 முதல் அங்கு வந்த குழந்தைகள் அனைவருக்கும், குறை எவ்வளவு கடுமையாயினும், பிறந்த சில மணி நேரத்திலேயே முதுகை மூடி, தேவைப்பட்டபோது குழாய் பொருத்தி வந்தனர். பிழைக்க வழியில்லை என்றிருந்த குழந்தைகள் பிழைத்தனர். ஆயினும் பிழைத்தவர்கள் பட்ட பாடும் சிறிதன்று. குழாய் அடைபடும், கிருமி தொற்றும், மீண்டும் அறுவை. கால்களுக்கும் முதுகுக்கும் எலும்பு அறுவை. சிறுநீரகங்கள் மெல்ல மெல்லச் சிதைந்து, பள்ளிப் பருவத்திலேயே உயிரிழந்த குழந்தைகளும் உண்டு.

டாக்டர் லார்பரின் அளவுகோல்

அம்மருத்துவமனையின் குழந்தை மருத்துவரும், ஹங்கேரியிற் பிறந்து இங்கிலாந்தில் பணிபுரிந்தவருமான டாக்டர் ஜான் லார்பர், முதலில் இந்த முழுச் சிகிச்சை முறையின் முன்னணியில் நின்றவர். 1971இல் அவர் 524 குழந்தைகளின் வரலாற்றைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பிழைத்தவர்களிற் பெரும்பாலோர் கடும் ஊனத்துடன் வாழ்கின்றனர். அவர்களில் மிகக் கடுமையானோரைப் பிறந்த முதல் நாளிலேயே இனங்காண முடியும். ஆகவே அத்தகையோருக்கு உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடங்காதிருப்பதே இரக்கமுள்ள செயல் என்பது அவர் கண்ட முடிவு. கால்கள் பெருமளவு செயலிழந்திருத்தல், பிறக்கும்போதே தலை மிகப் பெருத்திருத்தல், முதுகு கூன் விழுந்திருத்தல், வேறு பெரும் பிறவிக் குறை இருத்தல் ஆகியவை அவர் கூறிய அடையாளங்கள்.

லார்பரைக் கொடியவர் என்று எண்ணுவது தவறு. அக்காலத்தில் இத்தகைய முடிவுகள் எல்லா நாடுகளிலும் பிரசவ அறையின் கதவுக்குப் பின்னால், எவரும் எழுதிவையாமல், எவருக்கும் பொறுப்புச் சொல்லாமல் நடந்துகொண்டிருந்தன. தாம் செய்வது இன்னது, இன்ன காரணத்தால் என்று அச்சில் வெளியிட்டவர் அவர். அதனாலேயே அவரை மறுக்கவும் பிறரால் முடிந்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த டஃப், கேம்ப்பெல் என்னும் இரு மருத்துவர்களும் 1973இல் அதே துணிவுடன் எழுதினர். தங்கள் சிறப்புப் பிரிவில் நேர்ந்த 299 மரணங்களில் 43, சிகிச்சையைத் தொடங்காமலோ நிறுத்தியோ நேர்ந்தவை என்று அவர்கள் வெளிப்படையாகக் கூறினர்.

அளவுகோல் எவ்வாறு செயற்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். 1973இல் லார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, 37 குழந்தைகளில் 12 பேருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. எஞ்சிய 25 பேருக்கு அளிக்கப்படவில்லை. அந்த 25 பேரும் ஒன்பது மாதங்களுக்குள் இறந்தனர். அவர்களைக் கொன்றவர் எவரும் இல்லை. பாலும் பராமரிப்பும் அளிக்கப்பட்டன என்றே சொல்லப்பட்டது. ஆயினும் இத்தகைய குழந்தைகளுக்கு ‘கேட்டால் பால் கொடு’ என்பது விதியாகவும், அழுதால் தூக்க மருந்து என்பது வழக்கமாகவும் இருந்ததைக் கண்டித்து எழுதியவர்கள் உண்டு. மருந்தில் மயங்கிக் கிடக்கும் சிசு பால் கேட்டு எவ்வாறு அழும்? இயற்கையின் போக்கில் விடுவது என்று பெயரிட்டுக்கொண்டு, அப்போக்கைக் கையாலேயே விரைவுபடுத்துவது இது என்ற குற்றச்சாட்டுக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை.

எதிர்க்குரல்களுள் வலுவானது அதே ஷெஃபீல்டு நகரிலிருந்தே எழுந்தது. அங்குக் குழந்தை அறுவை மருத்துவராயிருந்த ராபர்ட் சகரி, தம் கத்தியால் முதுகு மூடப்பட்ட குழந்தைகள் வளர்ந்து வாழ்வதை நேரிற் கண்டவர். உடனடி அறுவை எல்லோருக்கும் பயன்படும் என்று அவரும் கூறவில்லை. மரணம் எப்படியும் நெருங்கிவிட்ட குழந்தைக்கு அறுவை வேண்டியதில்லை. ஆனால் பிழைக்கக்கூடிய குழந்தையை, ஊனத்துடன் பிழைக்கும் என்ற காரணத்திற்காகச் சாகவிடுவது மருத்துவரின் வேலை அன்று என்பதே அவர் வாதத்தின் சாரம்.

கணக்கில் நேர்ந்த பிழை

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நிகழ்ந்தவை லார்பரின் கணக்கையே மாற்றிவிட்டன. அவருடைய எண்கள் பொய் அல்ல. அவை 1960களின் மருத்துவத்தால் இயன்றதை அளந்தவை. அம்மருத்துவம் அங்கேயே நின்றுவிடவில்லை.

1972இல் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ் என்னும் சிறுநீரக அறுவை மருத்துவர் எளிய முறை ஒன்றை வெளியிட்டார். சுத்தமான சிறு குழாயை நாளில் நான்கைந்து முறை உட்செலுத்திச் சிறுநீர்ப்பையை முற்றிலும் காலி செய்வது. கையைச் சோப்பிட்டுக் கழுவினாற் போதும், கிருமியற்ற அறுவை அறை தேவையில்லை என்பதே அம்முறை. முதலில் பலர் நம்பவில்லை. பின்னர், தேங்கிய சிறுநீரே சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதும், அதை ஒழுங்காக வெளியேற்றினால் இக்குழந்தைகள் நெடுங்காலம் வாழ்வர் என்பதும் தெளிவாயின. பத்து வயதுச் சிறுமி தானே செய்துகொள்ளக்கூடிய இவ்வேலை, பெரும் அறுவைகள் காப்பாற்றாத உயிர்களைக் காப்பாற்றியது. வைத்திய வரலாற்றில் இத்தகைய மலிவான வெற்றிகள் போதிய அளவு கொண்டாடப்படுவதில்லை.

சிகாகோ நகரில் டாக்டர் டேவிட் மக்லோன் தம்மிடம் வந்த குழந்தைகளைத் தரம் பிரிக்காமல் அனைவருக்கும் சிகிச்சை அளித்தார். தொடர்ச்சியாக வந்த 100 குழந்தைகளைப் பற்றி அவர் 1985இல் வெளியிட்ட கணக்கின்படி, உயிர்வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரின் அறிவுத்திறன் இயல்பான வரம்புக்குள் இருந்தது. இதற்கிடையில் மற்றொன்றும் தெரியவந்தது. சிகிச்சை மறுக்கப்பட்ட குழந்தைகள் எல்லா இடங்களிலும் இறந்துவிடவில்லை. சிலர் பிழைத்துக்கொண்டனர். உரிய நேரத்தில் முதுகு மூடப்பட்டு நீர் வடிக்கப்பட்டிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட மோசமான நிலையில் பிழைத்தனர்.

இதில் ஒரு பொதுவான கருத்து அடங்கியிருக்கிறது. முதல் நாள் அடையாளங்களை வைத்துக் கூறும் முன்னறிவிப்பு ஒரு கூட்டத்தைப் பற்றியது. பத்தில் எட்டுக் குழந்தைகள் நடக்கமாட்டா என்று உறுதியாகத் தெரிந்தாலுங்கூட, கையிலிருக்கும் குழந்தை எட்டில் ஒன்றா, இரண்டில் ஒன்றா என்பதை எந்த எண்ணும் சொல்லாது. மேலும், நடக்கமாட்டாது என்பது உடலைப் பற்றிய செய்தி. வாழத் தகாது என்பது தீர்ப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும்போது மருத்துவர் தம் துறையின் எல்லையைக் கடந்துவிடுகிறார்.

நீதிமன்றங்கள்

1981ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இரு வழக்குகள் நடைபெற்றன. இரண்டும் டவுன் நோயுடன் பிறந்த குழந்தைகளைப் பற்றியவை. ஒன்றில், குடல் அடைப்புக்கான அறுவையைப் பெற்றோர் மறுத்தனர். மேல்முறையீட்டு நீதிமன்றம் அறுவையைச் செய்யுமாறு உத்தரவிட்டது. குழந்தையின் வருங்கால வாழ்வு தாங்கொணாக் கொடுமையாக இருக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தாலன்றிச் சிகிச்சையை மறுக்கலாகாது என்பது அதன் கருத்து. மற்றதில், பெற்றோர் ஏற்க மறுத்த சிசுவுக்கு உணவின்றி வலி மருந்தும் பராமரிப்பும் மட்டும் தரப் பணித்த டாக்டர் லெனார்ட் ஆர்தர் மீது குற்றம் சாட்டப்பட்டது. நடுவர் குழு அவரை விடுதலை செய்தது. ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே கேள்விக்கு இரு விடைகள்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் 1982 ஏப்ரலில், டவுன் நோயும் உணவுக்குழல் அடைப்பும் உடைய ஆண் சிசுவுக்கு அறுவை வேண்டா என்று பெற்றோர் முடிவு செய்தனர். நீதிமன்றங்கள் தலையிட மறுத்தன. ஆறாம் நாள் சிசு இறந்தது. உணவுக்குழல் அடைப்பு சரிசெய்யக்கூடியது. டவுன் நோய் இல்லாத குழந்தையாயிருந்தால் எவரும் தயங்கியிரார். நாடே கொந்தளித்தது. குழந்தைகள் பிரிவுகளின் சுவரில் புகார்த் தொலைபேசி எண்ணை எழுதி வைக்குமாறு அரசு 1983இல் உத்தரவிட்டது. சில வாரங்களிலேயே அவ்வுத்தரவை நீதிமன்றம் நீக்கிற்று. துயரத்தில் இருக்கும் தாயின் படுக்கைக்கு எதிரே துப்பறிவோர் வந்து நிற்பதால் நல்ல முடிவுகள் பிறக்கமாட்டா என்பதில் ஐயமில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தில் முதுகெலும்புப் பிளவும் தலையில் நீர்த் தேக்கமும் உடைய பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் அறுவையை மறுத்து, பாலும் கிருமிக்கொல்லி மருந்தும் புண்ணுக்குக் கட்டும் போதுமென்றனர். குழந்தை வலியிலேயே கிடக்கும், எவரையும் அறியாது என்ற வகையில் நீதிமன்றத்தில் மருத்துவச் சாட்சியம் கூறப்பட்டது. வழக்குத் தொடுத்தவர் குடும்பத்திற்குத் தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞர், அவர் தோற்றார். அதன்பின் நடந்ததே கவனிக்கத்தக்கது. முதுகுப் புண் தானே மூடிக்கொண்டது. தலை நீருக்குக் குழாய் பொருத்தப் பெற்றோர் பின்னர் இசைந்தனர். குழந்தை பெற்றோருடன் வீடு சென்று வளர்ந்தாள். முப்பது வயதிலும், சக்கர நாற்காலியில், சில அறிவுக் குறைகளுடன், பேசவும் பிறருடன் பழகவும் வல்லவளாக வாழ்ந்தாள். பெற்றோரைக் குறை கூறுவதற்கில்லை; அவர்கள் கேட்ட முன்னறிவிப்பு அத்தகையது.

1984இல் அமெரிக்கச் சட்டமன்றம் இயற்றிய திருத்தம், மீளாத மயக்க நிலை, மரணத்தை ஒத்திப்போடுவதற்கு மட்டும் உதவும் சிகிச்சை, ஏறத்தாழப் பயனற்றதும் அதனாலேயே இரக்கமற்றதுமான சிகிச்சை ஆகிய மூன்று நிலைகளில் மட்டும் சிகிச்சையைக் கைவிடலாம் என்றது. அந்நிலையிலும் உணவும் நீரும் தக்க மருந்தும் மறுக்கப்படலாகாது. பிறந்த குழந்தை ஊனமுற்றது என்பது அம்மூன்றில் இடம்பெறவில்லை.

நெதர்லாந்து வேறு வழியிற் சென்றது. குரோனிங்கன் நகர மருத்துவர்கள் வெர்ஹாகனும் சவரும் 2005இல் வெளியிட்ட நெறிமுறை, நம்பிக்கைக்கு இடமற்ற, தாங்கவொண்ணாத துன்பமுடைய சிசுவின் உயிரைப் பெற்றோர் இசைவுடன் மருத்துவரே முடிப்பதற்கு நிபந்தனைகளை வகுத்தது. அரசு வழக்கறிஞர்களுக்கு முன்னர் அறிவிக்கப்பட்டிருந்த 22 நிகழ்ச்சிகளும் முதுகெலும்புப் பிளவுக் குழந்தைகளைப் பற்றியவையே. ஆனால் அந்நாட்டு நரம்பியல் அறுவை மருத்துவர் டி யாங், இக்குழந்தைகளின் வலி தணிக்கக்கூடியது. தாங்கவொண்ணாத துன்பம் என்று சொல்லப்பட்டது குழந்தை இப்போது படும் துன்பமன்று, வருங்காலத்தில் படும் என்று பெரியவர்கள் கற்பனை செய்த துன்பமே என்று மறுத்து எழுதினார். இம்மறுப்பு வலுவானது.

மூன்று கேள்விகள்

இவ்வளவு வாதங்களுக்கிடையில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதைக் காணலாம். இக்குழந்தை இறந்துகொண்டிருக்கிறதா என்பது ஒன்று. மூளையின்றிப் பிறந்த சிசுவின் தாய்க்குச் சுவாசக் கருவியைக் காட்டி நம்பிக்கை ஊட்டுவது கருணையாகாது. சிசுவைக் கதகதப்பாகச் சுற்றித் தாயின் கையிற் கொடுப்பதே செய்யத்தக்கது. இச்சிகிச்சை தரும் நன்மையைவிட அது தரும் துன்பம் மிகுதியா என்பது மற்றொன்று. இதற்கு மருத்துவ அறிவும் பெற்றோரின் மனமும் இரண்டும் வேண்டும். இங்கு நல்லெண்ணமுடையோர் வேறுபடலாம். ஊனத்துடன் வாழும் வாழ்க்கை வாழத்தக்கதா என்பது மூன்றாவது. இக்கேள்வியைத்தான் முதலிரண்டின் போர்வையில் பலர் கேட்டுவிடுகின்றனர்.

மூன்றாம் கேள்விக்கு விடைகூறும் தகுதி யாருக்கு உண்டு? மிகக் குறைந்த எடையுடன் பிறந்து வளர்ந்த இளைஞர்களையும், அவர்களுடைய பெற்றோர்களையும், மருத்துவர், செவிலியர்களையும் ஒரே வகையான உடல்நிலைகளை மதிப்பிடச் சொல்லிக் கனடாவைச் சேர்ந்த டாக்டர் சரோஜ் சைகலும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. கடும் குறையுள்ள நிலைகளுக்கு இளைஞர்களும் பெற்றோர்களும் கொடுத்த மதிப்பு, மருத்துவரும் செவிலியரும் கொடுத்ததைவிட உயர்ந்திருந்தது. நோயுற்ற வேளையில் மட்டும் பார்ப்பவருக்கு ஊனமே முழு வாழ்க்கையாகத் தோன்றுகிறது போலும்.

குடும்பத்தின் சுமை பொய்யன்று. வேலையை விடும் தாய், கடன்படும் தந்தை, கவனிப்பாரின்றி வளரும் மற்றக் குழந்தைகள் ஆகிய இவற்றைக் கணக்கிற் சேர்க்காத அறம் ஏட்டறமே. ஆயினும் சுமைக்குப் பரிகாரம் சுமையைப் பகிர்ந்துகொள்வதில் இருக்கிறது. அது இல்லாத இடத்தில்தான் குழந்தையின் உயிர் பேரப்பொருளாகிறது.

நம் நாட்டில்

இந்தியாவில் சிசுவுக்குச் சிகிச்சை மறுப்பது பற்றி அமெரிக்காவில் உள்ளதுபோல் தனிச் சட்டம் இல்லை. கௌரவமான மரணத்திற்கான உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றபோது வகுத்த நடைமுறைகள், 2023இல் எளிமையாக்கப்பட்டவை உட்பட, பெரும்பாலும் வயது வந்தோரை மனத்திற்கொண்டவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல், இதயமும் மூச்சும் நின்றபின் மீட்பு முயற்சி செய்யாதிருக்கும் முடிவு குறித்து நெறிகளை வெளியிட்டது. குழந்தையைக் கைவிடுவது குற்றம் என்பது பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது.

ஆனால் ஷெஃபீல்டு மருத்துவர்கள் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்ததுபோல் இங்குப் பெரும்பாலான முடிவுகள் செய்யப்படுவதில்லை. இங்கு முடிவு செய்வது தூரம், வண்டிச் சத்தம், பிறந்தது ஆணா பெண்ணா என்பது, பிரசவ அறையில் எவரோ சொல்லிவிட்டுப் போகும் ‘இது தேறாது’ என்ற ஒரு சொல். முடிவு செய்ததாக எவரும் எண்ணுவதுகூட இல்லை. தாயிடம் எதுவும் சொல்லாமல் மாமனாரும் கணவனும் சிசுவை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் காட்சி கள ஊழியர்களுக்குப் புதிதன்று.

ஆகவே கள ஊழியரின் பணி அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. திறந்த முதுகுப் பிளவைப் பிறந்த 72 மணி நேரத்திற்குள் மூடுவது நன்று என்பது பொதுவான மருத்துவக் கருத்து. மருத்துவமனையிற் பிறந்த குழந்தையை ஆஷா ஊழியர் வீட்டிற் காணும் முதல் நாள் மூன்றாம் நாள். அன்று கண்டுபிடித்தால் நேரம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. எனவே பிரசவம் நடந்த இடத்திலேயே துணைச் செவிலியர் சிசுவைத் தலைமுதல் கால்வரை, குறிப்பாகத் திருப்பிப் போட்டு முதுகை, பார்த்தாக வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறவிக் குறைகளை இவ்வாறு பிரசவ இடத்திலேயே பார்க்கும்படி வகுத்திருக்கிறது. நரம்புக் குழல் குறை அத்திட்டத்தின் பட்டியலில் முன்னிற்பது. மாவட்டந்தோறும் ஏற்படுத்தப்பட வேண்டிய தொடக்கநிலைத் தலையீட்டு மையத்திற்கு அனுப்பும் வழியும் அதில் உண்டு.

கட்டியின்மேல் மஞ்சள், சாம்பல், எண்ணெய், மருந்துப் பொடி எதுவும் இடலாகாது. கொதித்து ஆறிய உப்பு நீர்மம் அன்று, மருத்துவமனையிற் கிடைக்கும் கிருமியற்ற உப்பு நீர்மத்தில் நனைத்த துணியை அதன்மேல் மெல்லப் போர்த்தி, ஈரம் உலராதபடி சுத்தமான பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். சிசுவைக் குப்புறவோ பக்கவாட்டிலோ கிடத்தி, உடற்சூடு குறையாமல் கொண்டுசெல்ல வேண்டும். தாய்ப்பால் கொடுக்கலாம்.

பெற்றோரிடம் பேசுவது இதைவிடக் கடினம். தாயும் தந்தையும் சேர்ந்திருக்கும்போது, குழந்தையைத் தாயின் கையிற் கொடுத்து, குறையின் பெயரையும், செய்யக்கூடியதையும், செய்யமுடியாததையும் உள்ளபடி கூறுவது நன்று. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பதும் ‘ஒன்றும் தேறாது’ என்பதும் ஒரே அளவு பொய்கள். முதல் நாளிற் சொன்னது மனத்தில் நிற்பதில்லை. மறுநாளும் சொல்ல வேண்டும். இயன்றால், அதே குறையுடன் வளரும் பிள்ளையின் தாய் ஒருவரைப் பார்க்கச் செய்வது, பத்து மருத்துவர்களின் பேச்சுக்கு ஈடு.

செலவு என்னும் அச்சத்திற்கும் ஒரு விடை உண்டு; அது இந்தியாவிலிருந்தே கிடைத்தது. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரிற் செய்யப்படும் சாப்ரா குழாயை, உகாண்டாவில் பணிபுரிந்த அமெரிக்க அறுவை மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப், விலையுயர்ந்த மேலைநாட்டுக் குழாயுடன் ஒப்பிட்டு 2005இல் முடிவை வெளியிட்டார். ஒன்றின் விலை 35 டாலர். மற்றதன் விலை 650 டாலர். ஓராண்டில் இரண்டின் பயனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

வகுப்பறையில்

பிழைத்த குழந்தை ஐந்தாம் வயதில் பள்ளிக்கு வருகிறது. ஊனமுற்றோர் உரிமைகள் சட்டம் (2016), குறைந்தது நாற்பது விழுக்காடு குறையுடைய ஆறு முதல் பதினெட்டு வயதுக் குழந்தைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. இக்குழந்தையைப் பற்றி ஆசிரியர் அறிய வேண்டியவை சில உண்டு. தலையிற் குழாய் உள்ள பிள்ளை தொடர்ந்து தலைவலி என்றாலோ, வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, அது சோம்பலன்று; குழாய் அடைபட்டிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கால்களில் உணர்ச்சி இராததால் வெயிலிற் காய்ந்த சிமிட்டித் தரையில் பாதம் வெந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது. ரப்பர் ஒவ்வாமை இவர்களிடம் மிகுதி. குழந்தைகள் தின விழாவில் கட்டும் பலூன்கூட மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும்.

எல்லாவற்றினும் முக்கியம், நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை சிறுநீரைக் குழாயால் வெளியேற்றுவதற்குத் தாழ்ப்பாளுள்ள ஓர் அறையும், கை கழுவத் தண்ணீரும், சோப்பும். இவை இல்லாத பள்ளியில், சிறுநீர் நாற்றத்தைக் காரணம் காட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் ஒதுங்க, பெண் குழந்தை முதலில் நின்றுவிடுகிறாள். இருபதாண்டு அறுவைச் சாதனையை ஓர் உடைந்த கதவு வீணாக்கிவிடும்.

வருமுன் காத்தல்

கருப்பையிலேயே முதுகை மூடும் அறுவை பற்றிய அமெரிக்க ஆய்வு 2011இல் வெளிவந்தது. பிறந்தபின் மூடியவர்களில் 82 விழுக்காட்டினருக்குத் தலைக்குழாய் தேவைப்பட்டது. கருவிலேயே மூடியவர்களில் 40 விழுக்காட்டினருக்கே தேவைப்பட்டது. குறைமாதப் பிரசவமும் தாயின் கருப்பைக்கு ஆபத்தும் அதன் விலை. மிகச் சில இடங்களிலேயே இது இயலும்.

எளிய வழி போலிக் அமிலம். இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஏழு நாடுகளில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு, முன்னர் இக்குறையுடன் குழந்தை பெற்ற தாய்மார்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே நாளுக்கு 4 மில்லிகிராம் உட்கொண்டால், குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைகிறது எனக் காட்டிற்று. முன் அனுபவம் இல்லாத பெண்களுக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும். கருப்பதிவு செய்தபின் கொடுக்கும் மாத்திரை பிற நன்மைகளைத் தரும். ஆனால் நரம்புக் குழல் மூடும் நாள் அதற்குள் கடந்திருக்கும். ஆகவே திருமணமான பெண், குழந்தை வேண்டும் என்று எண்ணும் நாளிலிருந்தே உட்கொள்ள வேண்டும்.

பள்ளிகளில் வாரம் ஒருமுறை ஆசிரியர் முன்னிலையில் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம் இருக்கிறது. அது இரத்தசோகைக்காக வகுக்கப்பட்ட அளவு. முதுகெலும்புப் பிளவைத் தடுக்க வாரத்திற்கு 2.8 மில்லிகிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. எனவே மேல்வகுப்பு மாணவியருக்கு மாத்திரையை வழங்கும்போது, மணமான பின் இம்மாத்திரை மட்டும் போதாது, நாள்தோறும் வேறு மாத்திரை உண்டு, துணைச் செவிலியரிடம் கேட்டுப் பெற வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தையும் ஆசிரியை சேர்த்துச் சொல்லலாம்.